சின்னம்மாவின் கஞ்சாவுக்காக ஊர் மன்றாடிய ஞாயிறு

முல்லைத்தீவு,
வியாழன் இரவு.

பாசமுள்ள யூலியானாச் சின்னம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்கள் கனடாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, உங்கள் அக்காவின் மகள் யதுசா நுளம்புவலைக்குள் ரோச் வெளிச்சத்தில் எழுதுவது. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். ஆனால் அப்பா நாலு நாளாகக் கடலுக்குப் போகவில்லை. வீட்டுப் போன் பொலிசில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். விடிந்ததும் சிறாஜ் நானாவின் கடையில் ஸ்கான் செய்து அனுப்புவேன்.

கஞ்சாச் செடியின் சத்து நோவை எப்படி அடக்குகிறது என்று பார்க்கும் உங்கள் ஆராய்ச்சி நல்லபடி முடிய மன்றாடச் சொல்லி அம்மாவிடம் கேட்டீர்கள் அல்லவா? எங்கள் கோயில் மன்றாட்டுப் பெட்டியில் துண்டு எழுதிப் போட்டால் ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். ஒருவருக்கும் சொல்லாமல் நான் எழுதிப் போட்டேன். ஆராய்ச்சி, நோவு, மருந்து எல்லாம் விளக்கமாக எழுதினேன், சின்னம்மா. ஆனால் பூசை நீளுகிறது என்று பங்குச் சுவாமி ஏசியதிலிருந்து, வாசிக்கிற ஸ்ரனிஸ்லஸ் மாஸ்ரர் எந்தத் துண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். "கனடாவிலுள்ள யூலியானாவின் கஞ்சா முயற்சி பலிக்க ஆண்டவரை மன்றாடுவோம்" என்றார். கோயில் முழுவதும் பழக்கத்தில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. கடைசி வாங்கில் இருந்த பெடியள் ஒருநாளும் இல்லாத பக்தியோடு சொன்னார்கள். அதன் பிறகுதான் எதற்கு மன்றாடினோம் என்று சனம் யோசித்தது.

இந்தக் கரைக்குத் தெரிந்த கஞ்சா, இருட்டில் படகில் வந்து இறங்கும் பொதி மட்டும்தான். எங்களிடமும் ஒரு படகு இருக்கிறதே! திங்கள் காலை பொலிஸ் வந்தது. விசாரணை முடியும்வரை படகைக் கடலில் இறக்கக்கூடாது என்றார்கள். போன வருசம் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் வர, நான் சார்ஜனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"சேர், நோவைக் குறைக்க எல்லாற்ற உடம்பிலயும் கஞ்சாச் சத்து மாதிரி ஒண்டு தானா ஊறுது. உங்கட உடம்பிலயும் ஊறுது."

சார்ஜன் கொப்பியை மூடி அப்பாவைப் பார்த்தார். "கொன்ஸ்ரன்ரைன், பொலிசுக்குள்ளயும் கஞ்சா இருக்கெண்டு உம்மட பிள்ளை சொல்லுது. இதையும் எழுதட்டோ?"

அன்று அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அந்தச் சத்து ஒரு துளியும் ஊறவில்லை.

கோயிலடியில் எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிய புனிதம் மாமி, பொழுதுபட்டதும் குசினிப் பக்கத்தால் வந்தா. "எடி பிள்ளை, முழங்கால் ரெண்டும் குத்துது. உன்ர தங்கச்சி அனுப்பிற கஞ்சாவில ஒரு சின்னத் துண்டு தந்தாக் காணும். ஆருக்கும் மூச்சு விடமாட்டன்."

"அது இன்னும் எலிக்குத்தான் குடுத்துப் பாக்கினம் மாமி" என்றா அம்மா.

"எலிக்கு அனுப்பிறவள் எனக்கு அனுப்பமாட்டாளோ? நான் என்ன, எலியிலும் கேவலமோ?"

நாளை ஒன்பது மணிக்கு அப்பா ஆதாரத்தோடு பொலிசுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் படகைக் கொண்டுபோய்விடுவார்களாம். துண்டு எழுதியது அம்மா என்று அப்பா நினைக்கிறார், அப்பா என்று அம்மா நினைக்கிறா. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழக முத்திரையோடு உண்மையை எழுதி உடனே அனுப்புங்கள்: கஞ்சா ஒருவருக்கும் வராது, எல்லாம் எலிக்குத்தான், மனிதருக்கு மருந்தாக இன்னும் பதினைந்து வருசம் ஆகும் என்று. சிங்களத்திலும் இருந்தால் நல்லது.

உங்களுக்கும் எலிகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

பயத்தோடும் பாசத்தோடும்,
யதுசா

பி.கு.: விடிந்துவிட்டது. சின்னம்மா, அந்த முத்திரைக் கடிதத்தை அனுப்பவே வேண்டாம்! ஆறு மணிக்கே சார்ஜன் பொலிஸ் உடுப்பில்லாமல் சாரத்தோடு தனியாக வந்தார். படகை இறக்கலாம் என்றார். பிறகு மெதுவாக, "இடுப்பு நோவுக்கும் அந்த மருந்து கேக்குமோ?" என்று கேட்டார். வாழ்நாளில் பொய் சொல்லாத அப்பா, "இடுப்புக்குத்தான் முதலில கேக்குமாம்" என்றார். நான்தான் எழுதினேன் என்று அழுதுகொண்டு சொன்னேன். அப்பா வலையைத் தோளில் போட்டபடி, "சரி, சரி. இனி ஆர் வந்து கேட்டாலும் மருந்து கஸ்ரம்ஸில நிக்குதெண்டு சொல்லு" என்றார். இப்போதே மருந்து கேட்டு வாசலில் ஏழு பேர். ஆகையால் நத்தார்ப் பண்டிகைக்கு வருவதாக இருந்தீர்களே, வரவேண்டாம். வந்தால் உங்களையும் கஸ்ரம்ஸில்தான் நிறுத்தி வைக்கவேண்டி வரும்.