ஆத்தாளுக்கு ஒரு புளூபெர்ரி பை

உத்திரமேரூர் வட்டாரத்தில் எறும்புக்குக்கூடச் சர்க்கரை கிடைக்கிறது. எனக்குத்தான் கிடைப்பதில்லை. என் ரத்தத்தில் ஏற்கெனவே ஏகத்துக்கும் இருக்கிறதாம். டாக்டர் சொன்னார். அதை என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி கனகாவுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

அன்றோடு என் வாழ்க்கை கசந்து போனது. வீட்டில் வெல்லம் இல்லை. பண்டிகைக்குப் பாயசம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் என் உரக்கடைக்கு எதிரிலேயே டீக்கடை இருக்கிறது. "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றால் கஷாயம் மாதிரி ஒன்று வருகிறது. கேட்டால், "அக்கா போன் பண்ணிச்சிண்ணே" என்கிறார். ஒரு ஊரையே உளவுத்துறையாக மாற்றத் தெரிந்தவள் கனகா.

ஆடி பிறந்தது. ஏரிக்கரை நாவல் மரங்கள் பழுத்துக் கொட்ட ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். தப்பாக நினைக்காதீர்கள். கையில் பிசைந்த மாவோடு வந்தாள்.

அவள் செய்தது புளூபெர்ரி பை. மாவைத் தட்டினாள். தட்டில் பரப்பினாள். அதன்மேல் பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்துக் கொட்டினாள். கருநீலமாகத் தளதளவென்று கொதித்தது ஐயா அது! மேலே மாவால் மூடி, வேகவைத்து, கத்தி வைத்தாள். மொறுக்! அந்தச் சத்தத்தில் என் நாக்கு ஒரு முறை புரண்டு படுத்தது. ஒரு வாரம் அதே வீடியோவைத்தான் பார்த்தேன். போனை நக்கவில்லை, அவ்வளவுதான்.

புளூபெர்ரிக்கு நான் எங்கே போவேன்? உற்றுப் பார்த்தேன். நிறம், பளபளப்பு, சாறு எல்லாம் நம் நாவல் பழத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரியே இருந்தது. அப்போதுதான் மண்டைக்குள் பல்பு எரிந்தது. நாவல் பழம் சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது! நாவல் பழம் மருந்து என்றால், நாவல் பழத்தில் செய்த பையும் மருந்துதானே? மருந்தில் கொஞ்சம் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தால் யார் குடி முழுகிவிடும்?

எனக்கு என்று சொன்னால் நடக்காது. அவளுக்கு என்று சொன்னேன்.

"கனகா, இந்த வெள்ளிக்கிழமை நீ அடுப்புப் பக்கமே வராத. ஒனக்கு என் கையால ஒரு பை செஞ்சித் தரப் போறேன்."

"பையா? ரெண்டு கட்டப்பை ஆணியில தொங்கிக்கினு கீது. மூணாவது இன்னாத்துக்கு?"

"திங்கிற பை! உள்ள நாவப்பழம், மேல மாவு."

"போளியா?"

"போளி இல்லடி. புளூபெர்ரி பை. ஃபாரின் அயிட்டம்."

"சக்கரை போடணுமா?"

"கொஞ்சூண்டு. நாவப்பழம்தான் சுகருக்கு மருந்தாச்சே. சக்கரைய அது பாத்துக்கும்."

"மெய்யாலுமே எனக்கா செய்றீங்க?"

"பின்ன? இத்தினி வருசமா நீ ஆக்கிப் போட்டுக்கினே கீற. ஒரு நாளு நான் ஆக்கிப் போடக் கூடாதா?"

கனகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "செய்யிங்க. வெள்ளிக்கிழமைதான? நல்ல நாளுதான்."

அந்தச் சிரிப்பில் நான் சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. என் திட்டம் அப்படி. சமைக்கிறவன் ருசி பார்த்தாக வேண்டும், அது தொழில் தர்மம். பழம் கொதிக்கும்போது ஒரு கரண்டி. பதம் பார்க்க இன்னொரு கரண்டி. மாவு வெந்ததா என்று ஓரத்தில் ஒரு துண்டு. ஓரம் கோணலாகிவிட்டதே என்று சரிசெய்ய எதிர் ஓரத்தில் ஒரு துண்டு. கனகாவின் கைக்குப் போய்ச் சேரும்போது பை பாதியாகியிருக்கும். நான் முழுசாகியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரைக்கு ஓடினேன். அங்கே கிளையை உலுக்கிப் பழம் பொறுக்கி விற்பவள் சின்னபொண்ணு. புதுசாக விழுந்த பழமாகப் பார்த்துக் கூடையை நிரப்பினாள்.

"சுகருக்கா அண்ணே?" என்றாள்.

"மருந்துக்குத்தாம்மா" என்றேன், நோயாளிக்குரிய முகத்தோடு.

வீட்டு வாசலிலேயே கனகா மறித்தாள். "தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வாங்க."

"பை செய்றதுக்கு எதுக்குடி தலைக்குளியல்?"

"சுத்தமா செய்ய வாணாமா?"

அதுவும் சரி. குளித்தேன். கொட்டையெடுத்தேன். பத்து விரலும் நீலமாயின. மைதாவில் வெண்ணெயைப் போட்டு, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அதனால் என்ன? கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, தோட்டத்து விறகடுப்பில் ஏற்றினேன். பக்கத்து அடுப்பில் பழமும் சர்க்கரையும் கொதித்தன. என்ன வாசனை! தோட்டத்து அணில்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. கரண்டியை முக்கினேன். ஊதினேன். வாயைத் திறந்தேன்.

"ஐயையோ!"

கரண்டியை கனகா பிடுங்கிவிட்டாள். "இன்னா காரியம் பண்றீங்க? ஆடி வெள்ளி! படையலுக்குப் போறத வாயில வெப்பாங்களா?"

"படையலா? இது ஒனக்குன்னு செய்றதுடி!"

"எனக்குக் குடுத்துட்டீங்க இல்ல? நான் ஆத்தாளுக்குக் குடுக்குறேன்."

"சரிடி, சக்கரை போதுமான்னு பாக்க வாணாமா?"

"ஆத்தா பாத்துப்பா. மோந்தும் பாக்கக் கூடாது, தெரியும்ல? இப்பிடி வாங்க."

என் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினாள். திருடனாவது அந்தக் கோலத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு போவான். நான் சமைத்தேன்.

ஆனாலும் சொல்கிறேன், எனக்கு உற்சாகம் குறையவில்லை! மாவைத் தட்டில் பரப்பினேன். பழத்தை ஊற்றினேன். மேல் மாவைப் பட்டை பட்டையாக அறுத்து, கயிற்றுக்கட்டில் பின்னுகிற மாதிரி மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பின்னினேன். வெள்ளைக்காரி பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பாள். தட்டை மணல்மேல் இறக்கி மூடியைப் போட்டபோது, பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் மதில்மேல் தலையை நீட்டினார்.

"இன்னாடா சடையப்பா, மூஞ்சில துணி? வூட்ல யாருக்கு இன்னா வியாதி?"

"வியாதி இல்ல பெரிம்மா. பை வேகுது."

"பைய எதுக்குடா வேக வெக்கிற? தொவைச்சா போதாதா?"

"படையலுக்குப் பெரிம்மா. ருசி பாக்காம செய்றாரு" என்று கனகா இடையில் புகுந்தாள்.

ஆண்டாளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூடியைத் திறந்தேன். பொன் நிறம்! பின்னலின் சந்துகளில் கருநீலச் சாறு கொப்பளித்து நின்றது. துண்டுக்குள்ளேயே கத்தினேன். அடுப்பைச் சுற்றி ஆடினேன். வேட்டி நழுவியதுகூடத் தெரியவில்லை. எனக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. படையல் முடிந்ததும் அது பிரசாதம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கும் அது பொருந்தும். கனகாவே தட்டை நீட்டியாக வேண்டும்!

சாயங்காலம் தெருமுனை மாரியம்மன் கோயில். கூழ்ப் பானைகளுக்கும் பொங்கல் பானைகளுக்கும் நடுவில் என் பை மகாராஜாவாக உட்கார்ந்திருந்தது. பூசாரி குனிந்து பார்த்தார்.

"இது இன்னா?"

"பழ அப்பம்னு வெச்சிக்குங்க" என்றாள் கனகா.

கற்பூரம் ஏற்றினார். நான் கண்ணை மூடி, ஆத்தா, சீக்கிரம் பார்த்து முடி என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தால் கனகா சன்னதிக்கு நேராக நிற்கிறாள். கண்ணில் தண்ணீர்.

"தாயே, எங்க வூட்டுக்காரருக்கு சுகர் எறங்கணும். இந்த ஒலகத்துல அவுரு எதுக்கு ரொம்ப ஆசைப்படுறாரோ, அத அவுரு கையாலயே செஞ்சி ஒனக்கு வுட்டுடுறதா வேண்டிக்கினேன். செஞ்சிட்டாரு. ஏத்துக்கோ."

இத்தனை பாசத்தை இவள் எங்கே வைத்திருந்தாள்! உண்மையிலேயே உருகிவிட்டேன். அப்புறம்தான் அந்த 'வுட்டுடுறதா' மெல்ல மெல்ல மண்டையில் இறங்கியது.

"அடியே," என்று கிசுகிசுத்தேன், "பிரசாதமா எனக்கு ஒரு துண்டு?"

"ஆத்தாளுக்கு வுட்டதத் திரும்பக் கேப்பாங்களா யாராச்சும்?"

"எப்ப வேண்டிக்கினே இத?"

"ஒரு வாரமா போனைப் பாத்து எச்சி முழுங்கிக்கினு இருந்தீங்களே, அப்பவே."

"அப்ப ஒனக்குத்தான்னு நான் சொன்னப்ப..."

"சிரிச்சேன் இல்ல?"

அதற்குள் கூட்டத்தில் நின்ற ஆண்டாளம்மாள் ஆரம்பித்துவிட்டார். "பொஞ்சாதி வேண்டுதலுக்காக வாயைக் கட்டிக்கினு சமைச்சாண்டி! என் கண்ணால பாத்தேன்! இப்பிடி ஒரு ஆம்பளைய எங்கனா பாத்துகிறீங்களா?"

தெருப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாலு பேர் தங்கள் புருஷன்மாரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள். இனி நான் அந்தப் பையைப் பார்த்து எச்சில் முழுங்கினால்கூடத் தெய்வக் குற்றம். போதாததற்கு, படையல் செய்தவர் கையாலேயே கொடுப்பதுதான் முறை என்று பூசாரி கத்தியையும் என்னிடம் நீட்டினார்.

வெட்டினேன். மொறுக்! வீடியோவில் கேட்ட அதே சத்தம். என் கையாலேயே ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். நாக்கெல்லாம் நீலம், முகமெல்லாம் சொர்க்கம். கனகாவும் தின்றாள், பக்தியோடு.

கடைசித் துண்டு ஆண்டாளம்மாளுக்குப் போயிற்று. நாக்குக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, காதாவது ருசிக்கட்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். "எப்படி பெரிம்மா கீது?"

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலாக நக்கி முடித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. சக்கரைதான் கொஞ்சம் பத்தல."