பிரகடனத்தாரின் விசா

அமெரிக்காவைத் தொடங்கி வைத்தவர்கள் இன்று உயிரோடு இருந்தால், புளியந்தீவில் ஒரே ஒருவருக்கு மட்டும் பயந்திருப்பார்கள். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரகடனத்தார்.

விசாப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் கடையில் அவருக்கு வேலை. பக்கத்து மேசையில் போட்டோக்கொப்பி அடித்தவன் நான். கதிரை இருந்தும் மனிதர் உட்காரமாட்டார். கணினிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார். தொலைக்காட்சியில் அந்த நாட்டுக் குடிவரவு விவாதம் வந்துவிட்டால் நடை ஓட்டமாகிவிடும்.

“வெளியாக்கள வரவிடாம மறிக்கிறான் எண்டு இங்கிலாந்து ராசாவுல குத்தம் சொல்லித்தானே தம்பி அந்த நாட்டையே தொடங்கினவங்க! இப்ப இவங்களே மறிச்சா என்ன ஞாயம்?”

படிவத்துக்கு வந்தவர்கள் நியாயம் கேட்டு வரவில்லை. ஆனால் அவர்களுக்கு அவர் சொன்ன புத்தி பலித்தது. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. திரும்பி வருவன் எண்டு காட்ட வயல் உறுதிப் பத்திரத்தக் கொண்டுபோங்க.”

பிறகு அவர் முறை வந்தது. அமெரிக்காவில் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி ஆக்கிக்கொடுக்க ஆளில்லையே என்று மிளகு, மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் தானே வறுத்து, கடையின் பின்பக்கம் நின்று இடித்தார். இரண்டு நாள் வாடிக்கையாளர்கள் தும்மிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

கொழும்பில் அமெரிக்கத் தூதரக அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. “திரும்பி வருவீங்களா?”

வயல் உறுதி பையில் இருந்தது. ‘ஓம்’ என்றால் முடிந்தது. இவர் திருப்பிக் கேட்டாராம்: “ஒங்கட நாட்டத் தொடங்கின ஆக்கள் ஆருக்கிட்ட விசா எடுத்தவங்க?”

பாஸ்போட் உடனே கைக்கு வந்தது. விசா மட்டும் வரவில்லை. கடைக்குத் திரும்பியவர் முதன்முதலாகக் கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பேத்தி பிறந்த கிழமை, அதே நகரத்தில் இருக்கும் என் அக்காவிடம் போக எனக்கு விசா கிடைத்தது. படிவம் அவர் நிரப்பியது. சரக்குத்தூள் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

“கேட்டா சமையல் தூள் எண்டு சொல்லு. மறுகா வாயத் திறக்காத. நீயும் ஞாயம் கதைச்சிராத, மனே.”

நான் கதைக்கவில்லை. போய்ச் சேர்ந்தேன். அவருடைய மகள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள்.

“அப்பா நிண்டுகிட்டுத்தான் இடிச்சிருப்பார், என்ன அண்ணன்?” என்று கேட்டு அழுதாள்.

“ஓம்” என்று மட்டும் சொன்னேன். பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். குட்டி ஒரு நிமிஷம் சும்மா கிடக்கவில்லை, இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டே இருந்தது. அது அவருடைய மடியாக இருந்திருக்க வேண்டியது.