புழுவுக்கு வார்த்த மஞ்சள் தண்ணீர்

புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தாலும் சாப்பிடத்தான் திறக்க வேண்டும். நான் விஞ்ஞானம் பேசத் திறந்தேன்.

யுத்த காலம். தலை ஆடிக்குத் தாய்வீடு போன என் மனைவி ருக்மணியை அழைத்துவரப் பொம்மிடிக்குப் போயிருந்தேன். (ஒரு மாதமாகச் சொந்தச் சமையல். அந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல?) சாயங்கால ரயிலுக்கு மூட்டை முடிச்செல்லாம் தயார்.

அப்போது எனக்கு விவசாய இலாகாவில் கடைநிலை உத்தியோகம். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுதான் என் ஜென்ம விரோதி. அதன் புழு எருக்குழியில் வளரும். அந்தப் புழுவையே கொல்லும் பாக்டீரியா உண்டு, சீக்குப் பிடித்த புழு கறுத்துவிடும், கண்டால் உயிரோடு கொண்டுவா என்று ஆபீசர் சொல்லியிருந்தார். ஊர் ஊராகக் கிளறியும் கிடைக்காதது, மாமனார் வீட்டு எருக்குழியில் கிடைத்தது. (பட்டுக்கரை வேட்டியோடு அங்கே ஏன் இறங்கினாய் என்று கேட்காதீர்கள். மாமனாரும் அதைத்தான் கேட்டார்.)

"சொம்புல என்னங்க மாப்ள?" என்றார் மாமியார்.

"சீக்கு வந்த புழுங்க அத்தை." அதோடு நிறுத்தினேனா? "பாக்டீரியான்னு கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. ஒண்ணுக்கு வந்தா கூட இருக்கிறதுக்கெல்லாம் ஒட்டிக்கும்."

"தொட்டீங்களா?"

"தொட்டுத்தாங்க எடுத்தேன்" என்றேன் பெருமையாக.

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. அம்மை கண்ட வீட்டுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் நடந்தது.

"தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நீங்க வாசப்படி தாண்டக்கூடாதுங்க. புள்ளைய எப்படி உங்ககூட அனுப்பறது?"

"மனுசனுக்கு ஒட்டாதுங்க அத்தை."

"கண்ணுக்கே தெரியாதுன்னீங்க. அப்புறம் யாருக்கு ஒட்டும்னு மட்டும் எப்படிங்க தெரியும்?"

ரயில் கூவிக்கொண்டு போய்விட்டது. நான் வேப்பிலைப் படுக்கையில், உப்புக் குறைந்த கேழ்வரகுக் கூழோடு கிடந்தேன். பக்கத்தில் புழுச்சொம்பு.

ஒருவழியாகத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். மாமியார் முதலில் எனக்கு ஊற்றினார். "பாவம், அதுங்களும் ஒரு உசுருதானே" என்று மிச்சத்தைச் சொம்பில் கவிழ்த்தார். பாக்டீரியாவுக்குத் தப்பியிருந்த புழுக்கள் வைத்தியத்தில் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகும் ஒரு தண்ணீர், இன்னுமொரு தண்ணீர் என்று நாட்கள் நகர்ந்தன.

கடைசியில் ரயிலேறியதும் ருக்மணியிடம் எரிந்து விழுந்தேன். "உங்கம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"அம்மா மொதத் தண்ணிக்கே அனுப்பறேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் இன்னும் ரெண்டு தண்ணி ஊத்தட்டும்னேன்."

"ஏன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கல்யாணமானதுலருந்து நீங்க புழு தேடி ஊர் ஊராத்தான் போறீங்க. எங்கூட வூட்ல இருந்ததே இந்தச் சீக்கு நாளுலதாங்க."

ஆபீசரிடம் நான் வாங்கிய திட்டெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் பேரன் பள்ளிக்கூடம் போக மறுத்தாலும் "புழுவுக்குச் சீக்கு" என்றுதான் சொல்கிறான். அவனுக்கு உதை விழும். ருக்மணி சொன்னால் மட்டும், ஊருக்குக் கிளம்ப நான் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.