கூரையேறிய நன்கொடை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், தங்கங்களே. வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். பாய் பெரிசு, கதை சின்னது. நடுவில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், அடக்கினால் வயிற்றுக்கு ஆகாது.

உலகத்தில் நன்கொடை வாங்காத கட்சி கிடையாது. ஆனால், வாங்கிய நன்கொடையின் கற்பைக் காப்பாற்றுவதற்காகத் தலைவர்களே கூரைமேல் ஏறிய பெருமை எங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு மட்டும்தான் உண்டு. ஏறியது ஈப்போவின் மாடிக் கட்டடங்கள் மேல் அல்ல. பீடோர் ஊரைத் தாண்டி உள்ளே, முன்பு ரப்பர் காடாயிருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ரோசரி வீட்டுத் தகரக் கூரையின் மேல்.

ரோசரிக்கு வயது அறுபத்து மூன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்துப்போன கை. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். தோட்டத்தை வைத்திருக்கும் கம்பெனி அவளை வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை, வீட்டைப் பழுது பார்க்கவும் இல்லை. இதற்கு 'நல்லெண்ண அடிப்படையிலான குடியிருப்பு' என்று பெயர். நல்லெண்ணம் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. கீழே வாளி வைத்திருந்தாள்.

போன தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஏணிக் கட்சி தோட்டத்துக்கு வந்தது. லயத்து வீடுகளின் கூரையைச் சீர்செய்ய இருபதாயிரம் வெள்ளிப் பணம்! அதைக் கொடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு மாதிரிக் காசோலை. நடுவில் தொகை, கீழே கையெழுத்து, மூலையில் நன்கொடையாளரின் சின்னம். ஏணிக் கட்சியின் காசோலையில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் சின்னம் இருந்தது. மேடையேறி வாங்கிக்கொள்ள ரோசரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த லயத்தில் முன்பல் முழுசாக இருந்தது அவளுக்குத்தான். படத்துக்கு எடுப்பாக இருக்கும்.

அடுத்த வாரம் குடைக் கட்சி வந்தது. அதே கூரை, அதே இருபதாயிரம், அதே ரோசரி. மூலையில் மட்டும் ஒரு தொழிற்சங்கத்தின் சின்னம்.

"நெசமான காசு எப்பங்க வரும்?" என்று இரண்டு தடவையும் கேட்டாள் ரோசரி.

"புரோசஸ்ல இருக்கு அக்கா" என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. மக்கள் நலன் என்று வந்துவிட்டால் கட்சிகளுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

இரண்டு வருஷம் போயிற்று. ரோசரியின் மகள் ஷார்மேன் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். பேத்தி பிறந்தாள். ஸ்பிரிங் தொட்டில் மாட்டுவதற்கு வீட்டில் ஒரே ஒரு உத்தரம்தான் உறுதியாக இருந்தது. அதற்கு நேர் மேலேதான் தகரத்தில் இரண்டு ஓட்டைகள்.

ரோசரி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடந்த காசோலைகள் இரண்டையும் இழுத்துத் துடைத்தாள். நல்ல கெட்டிப் பிளாஸ்டிக் அட்டை. பக்கத்து வீட்டு இருளாயியிடம் ஏணி கேட்டு வாங்கி, மேலே ஏறி, ஓட்டைகளின் மேல் அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு, கம்பியால் கட்டி, செங்கல் தூக்கி வைத்தாள்.

அன்று பெய்த மழைக்குத் தொட்டில் மேல் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நன்கொடை மக்களை நேரடியாகச் சென்றடைந்தது என்று அறிக்கைகளில் எழுதுவார்களே, அதைக் கண்ணால் பார்த்தவள் ரோசரி. தொட்டிலில் மல்லாந்து கிடந்த குழந்தையும் பார்த்தது. அதன் கண்ணுக்கு நேரே, தகர ஓட்டை வழியாக, 'வெள்ளி இருபதாயிரம் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூங்கும்.

இது இப்படி இருக்க, ஈப்போவில் ஒரு மாபெரும் தத்துவப் போராட்டம் வெடித்தது.

தொடங்கி வைத்தவர் குடைக் கட்சித் தலைவர் அருளம்பலம். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். பேசுகிற வாக்கியத்தைக்கூட மூன்று பிரதி எடுத்துத்தான் பேசுவார். சிலிபினில் ஒரு மண்டபத்தில், வந்திருந்த பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லவே நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டு, கடைசியில் முழங்கினார்: "ஏணிக் கட்சி முதலாளிகளின் காசில் வாழ்கிறது! வாழ்கிறது! வாழ்கிறது!"

மறுநாள் ஏணிக் கட்சித் தலைவர் சதாசிவம், சுல்தான் கொடுத்த 'டத்தோ' பட்டக்காரர், நிருபர்களுக்கு மீஹூன் சேமியா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பதில் சொன்னார். "அவுங்க தொழிலாளியோட சந்தாவ வாங்கித் தின்றாங்க. நாங்களாவது பணக்காரன்கிட்ட வாங்குறோம். இவுங்க ஏழைகிட்ட வாங்குறாங்க. இதுல யாரு ஏழைப் பங்காளன், நீங்களே சொல்லுங்க லா!"

இரண்டு கட்சிகளும் தனித்தனியாக 'நன்கொடைத் தூய்மைக் குழு' அமைத்தன. குழுக்கள் ஏழு தடவை கூடின. பணத்துக்கு நாற்றம் உண்டு என்றும், அது அடுத்த கட்சியின் பணத்திலிருந்தே வீசுகிறது என்றும் கண்டுபிடித்தன. தீர்மானத்தின் வாசகமும் இரண்டு பக்கமும் ஒன்றே: 'அசுத்தமான நன்கொடை, கொடுத்தவரிடமே திரும்பச் சேர்க்கப்பட வேண்டும்.'

ஆதாரம் வேண்டுமே? கணக்குப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. இரண்டு கட்சி அலுவலகங்களிலும், ஒரே வாரத்தில். கட்சி பேதம் பார்க்காத கறையான். மிச்சமிருந்த ஆதாரம், மூலையில் சின்னம் போட்ட அந்த இரண்டு மாதிரிக் காசோலைகள்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், வானம் கறுத்துக்கொண்டு வந்த நேரத்தில், செம்மண் சடக்குப் பாதையில் இரண்டு பெரிய கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு நிருபர்.

ரோசரி வாசலிலிருந்து உள்ளே ஓடினாள். "ஷார்மேன், காசு வந்திருச்சு போல லா! எந்திரி, தலைய வாரிக்கோ."

"ரெண்டு பேரும் சேர்ந்தா வாராங்க?" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் ஷார்மேன். "அப்ப காசு இல்லம்மா. வேற ஏதோ."

டத்தோ சதாசிவம் முதலில் இறங்கினார். "அக்கா, சாப்ட்டாச்சா? அந்தக் குடைக்காரன் கொடுத்த செக்கு எங்க?"

"அம்மா, ஏணிக் கட்சி கொடுத்த காசோலைய உடனடியா ஒப்படைக்கணும். ஒப்படைக்கணும்" என்றார் அருளம்பலம். மழை வரும்போல் இருந்ததால் மூன்றாவது பிரதியை விட்டுவிட்டார்.

"ரெண்டும் மேல இருக்கு, ஒய்பி." ஒய்பி என்பது சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடும் மரியாதைச் சொல்; தேர்தலில் தோற்றவரையும் ரோசரி ஒய்பி என்றுதான் கூப்பிடுவாள். இதுவரை யாரும் அவளைத் திருத்தியதில்லை.

டத்தோவின் முகம் வெளுத்தது. "மேலிடத்துக்கு அனுப்பிட்டீங்களா?"

"கூரை மேல லா, டத்தோ!"

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்தவன் ஆள் ஏறினால் ஆதாரத்தை அழித்துவிடுவான் என்று இருவருக்கும் பயம். ஆகவே தலைவர்களே நேரில் ஏறுவது என்று முடிவாயிற்று. ஏணிக் கட்சியிடம் ஏணி இல்லை. இருளாயியின் ஏணியைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

ரோசரி குறுக்கே வந்து நின்றாள். "ஒய்பி, வேணாம். கீழ பச்சப்புள்ள தூங்குது. வீட்டுல ஒழுகாத எடம் அது ஒண்ணுதான். நாளைக்கி வாங்க, வேற ஏதாச்சும் போட்டு மூடிட்டு நானே எறக்கித் தாரேன்."

"நாளைக்கி அவன் வந்து எடுத்துருவான் அக்கா. இது கொள்கைப் பிரச்சனை" என்று டத்தோ முதல் படியில் காலை வைத்தார்.

தகரம் முனகியது. இருளாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "ஏய் ரோசரி, நம்ம கூரைய எட்டிப் பாக்க இத்தன வருஷம் கழிச்சு ஆளு வந்திருக்கு. பேசாம இரு புள்ள, பாத்துட்டுப் போகட்டும்."

பார்த்துவிட்டுப் போகவில்லை. செங்கல் உருண்டது. கம்பி அறுந்தது. அருளம்பலம் ஆலையின் காசோலையைப் பிடுங்கினார். டத்தோ சங்கத்தின் காசோலையைப் பிடுங்கினார். சொல்லி வைத்தாற்போல மழை கொட்டியது.

உள்ளே குழந்தை வீறிட்டது. "அம்மா! புள்ள முகத்துல ஊத்துது!" என்று கத்தினாள் ஷார்மேன். "எங்கம்மா தூக்கிட்டுப் போவேன், எல்லாப் பக்கமும் சொட்டுது!"

ரோசரி நேரே போய் ஏணியை எடுத்துத் தரையில் படுக்கப் போட்டாள்.

மேலே இரண்டு தலைவர்களும் காசோலைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குடைக் கட்சித் தலைவரை நனையாமல் காத்தது முதலாளியின் பணம். ஏணிக் கட்சித் தலைவரைக் காத்தது தொழிலாளியின் சந்தா. நாற்றம் எதுவும் வீசியதாக இருவருமே புகார் செய்யவில்லை.

"அக்கா, ஏணி! ஏணி!" என்று டத்தோ அலறினார். தம் கட்சியின் பெயரை அவர் மேடையில்கூட இவ்வளவு உருக்கமாகச் சொன்னதில்லை.

"அட்டைய எடுத்த எடத்துல வைங்க. அப்புறம் ஏணி."

"அது முடியாதம்மா" என்றார் அருளம்பலம். பல் தந்தியடித்தது. "அசுத்தமான நன்கொடை கொடுத்தவர்கிட்டயே திரும்பணும். தீர்மானம் நிறைவேறியிருக்கு."

"சரி ஐயா, திருப்புங்க. கொடுத்தது யாரு?"

"இது ஆலை முதலாளி கொடுத்தது."

"அவருக்கு ஏது காசு? இந்தத் தோட்டத்துல முப்பத்தோரு வருஷம் பால் வெட்டி ஊத்தினது என் வாளி. அந்தக் காசுலதான் மரத்த வெட்டிட்டுச் செம்பனை போட்டாங்க, செம்பனையிலதான் ஆலை வந்துச்சு. டத்தோ, உங்க கையில இருக்கறது யாரு கொடுத்தது?"

"சங்கம்" என்றார் டத்தோ, சின்னக் குரலில்.

"மாசாமாசம் என் சம்பளத்துல சந்தா பிடிச்சாங்களே, அந்தச் சங்கமா? அப்ப ரெண்டும் என் காசு. தீர்மானப்படி ரெண்டும் என்கிட்டதான் திரும்பணும். திருப்பிட்டு எறங்குங்க. புள்ள நனையுது!"

நிருபர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். ஏழு கூட்டங்களில் யாருக்கும் தோன்றாத விளக்கம். டத்தோ, "இதைப் பத்தி ஒரு துணைக்குழு..." என்று ஆரம்பித்தார். பக்கத்துச் செம்பனை மேல் இடி இறங்கியது.

"வெச்சிரலாம், சார்" என்றார் டத்தோ, அருளம்பலத்திடம்.

"வெச்சிரலாம், டத்தோ. வெச்சிரலாம். வெச்சிரலாம்."

ஒருவர் தகரத்தைப் பிடிக்க, ஒருவர் செங்கல் எடுத்துக் கொடுக்க, வேலை நடந்தது. உள்ளேயிருந்து ஷார்மேன் உத்தரவு போட்டாள். "இன்னும் இடது பக்கம்! ஐயோ, அது வலது! ஆங், கொஞ்சம் கீழ தள்ளுங்க!" மக்கள் சொன்ன பக்கம் இரண்டு கட்சிகளும் நகர்ந்தது அந்தத் தோட்டத்தில் அன்றுதான் முதல் தடவை.

சொட்டு நின்றது. ரோசரி உள்ளே போய்த் தொட்டில் துணியை மாற்றினாள். குழந்தையின் தலையைத் துவட்டி நெற்றியில் சிலுவை போட்டாள். பத்து நிமிஷம் உள்ளங்கையைத் தொட்டில் மேல் விரித்துப் பிடித்துப் பார்த்தாள். கை காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஏணியை நிமிர்த்தி வைத்தாள்.

தலைவர்கள் இறங்கியதும் நிருபர் கேமராவைத் தூக்கினார். நனைந்த கோழிபோல் இருந்த இரண்டு முகங்களிலும் உடனே சிரிப்பு வந்துவிட்டது, பயிற்சி அப்படி. 'லயத்து வீட்டுக் கூரைச் சீரமைப்பில் இரு கட்சித் தலைவர்களும் நேரடியாக ஈடுபட்டனர்' என்று அந்த இடத்திலேயே கூட்டறிக்கை தயாரானது.

டத்தோ ரோசரியின் தோளைத் தொட்டார். "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த மாசம் சுத்தமான நன்கொடையாளரா பாத்து, ரெண்டு கட்சியும் சேர்ந்து ஐம்பதாயிரம் வெள்ளி தாரோம். பெரிய நிகழ்ச்சியா வெச்சு, உங்க கையிலயே!"

"ரொம்ப நன்றி, ஒய்பி" என்றாள் ரோசரி. "ஐம்பதாயிரமோ அஞ்சு லட்சமோ, உங்களுக்குத் தோணுறத எழுதிக்குங்க. அட்டை மட்டும் எட்டடிக்கு நாலடி இருக்கணும். இருளாயி வீட்டு ஓட்டை பெரிசு."

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட என் கண்மணிகளே, நன்றாக இருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நனையாமல் தூங்கட்டும், அடுப்பு அணையாமல் எரியட்டும். நீங்கள் உழைத்த காசு உங்கள் கைக்கே வந்து சேரட்டும். அதை எவரும் பெரிய அட்டையில் எழுதி, உங்களுக்கே பரிசாகக் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் இருக்கட்டும்.