தெளிநீர் நாட்டின் நத்தைப் பதவி

நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர், அடியில் கூழாங்கல், மேலே ஒரு குழல் விளக்கு. தெளிநீர் நாடு என்பது இவ்வளவுதான். தண்ணீர் தெளிவாக இருந்த காலத்தில் யாரோ வைத்த பெயர் அது. தண்ணீர் கலங்கிப்போன பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்த நாட்டில் மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு. கண்ணாடிக்கு வெளியே நடமாடும் அப்பாலார் என்ற பேருயிர்கள் தினமும் ஒரு மூலையில் உணவைத் தூவுவார்கள். தேர்தல் நாளில் அந்த மூலைக்கு முதலில் வந்து சேர்பவரே மன்னர். மன்னர் பொற்செதிலார் அந்த மூலையிலேயே குடியிருந்ததால் ஒவ்வொரு முறையும் அமோக வெற்றி பெற்றார். கொழுத்த தங்கமீன் அவர். நாட்டில் விழும் உணவில் பெரும்பகுதி அவர் வயிற்றுக்குள் போயிற்று. நாட்டில் சேரும் கழிவில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தெளிநீர் நாட்டிலும் யாரும் சொல்லவில்லை.

செடிக்கூட்டத்தின் அடியில் மிளகி என்றொரு கறுப்பு மோலி மீன் வாழ்ந்து வந்தாள். அப்போதுதான் ஈன்றிருந்தாள். குஞ்சுகள் மூச்சு முட்டி, மேலே போய் வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைப் பார்த்து அவள் முணுமுணுத்தாள். மற்ற தாய்மாரும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். முணுமுணுப்பு உணவு மூலை வரை எட்டியதும், அமைச்சர் நெடுஞ்சிறகர் விசாரணைக் குழு அமைத்தார். தட்டையான உடம்பும் நீண்ட சிறகும் கொண்ட ஏஞ்சல் மீன் அவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பீரமாகத் தெரிவார். கீழ்த்தட்டு மக்கள் அதிகமாக மூச்சு விடுவதால்தான் நீர் கெடுகிறது என்று குழு கண்டுபிடித்தது.

எப்படியோ அப்பாலாருக்கு இரக்கம் பிறந்தது. நாட்டுக்கு அடியில் இன்னொரு தொட்டியை வைத்தார்கள். மேலே நிரம்பும் அழுக்கு நீர் ஓரத்து மதகு வழியாக வழிந்து கீழே போகும். அங்கே பஞ்சிலும் ஓட்டுத் துண்டுகளிலும் புகுந்து தெளியும். ஒரு மோட்டார் அதைக் குழாய் வழியாக மறுபடி மேலே ஏற்றும். வேலை முடிந்து போகும்போது அப்பாலார் இரண்டே விஷயம் சொன்னார்கள். மதகில் இருக்கும் சல்லடையை எடுக்கக் கூடாது, எடுத்தால் குஞ்சுகள் அடித்துச் செல்லப்படும். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் இருக்கும் சிறு ஓட்டையை அடைக்கக் கூடாது. மின்சாரம் போனால் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும். இல்லாவிட்டால் மேலே இருக்கும் நீரெல்லாம், நீருக்குள் ஆழமாக மூழ்கியிருக்கும் அதே குழாயின் வாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கிவிடும்.

சில நாள் தண்ணீர் தெளிந்தது. மன்னருக்கு நன்றி தெரிவிக்கும் விழா நடந்தது. விழாவில் வீணான உணவெல்லாம் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அழுக்கு அள்ளுவதற்குத் தனி இலாகா இல்லை. சட்டம் போடுவதற்குத்தான் இருந்தது. தடையற்ற வழிந்தோட்டச் சட்டம் பிறந்தது. பாசி தின்று கண்ணாடி துடைக்கும் மீன்கள்தான் அரசின் ஏவலர்கள். அவை கூட்டமாகப் போய்ச் சல்லடையைப் பிடுங்கி எறிந்தன.

அன்று மாலைக்குள் மிளகியின் குஞ்சுகளில் ஒன்றுகூட மேலே மிஞ்சவில்லை. செடியைக் கவ்விக்கொள்ளச் சொல்லிக் கதறியபடி பின்னால் போனாள். மதகின் இழுப்பு அவளையும் இழுத்தது. உடம்பு பெரிதாக இருந்ததால் இடுக்கில் சிக்கிக்கொண்டாள், குஞ்சுகள் சிக்கவில்லை. அவள் அமைச்சரிடம் போய் நின்றபோது அவர் மிகுந்த பரிவோடு பேசினார்.

"அம்மையே, அவர்கள் அடித்துச் செல்லப்படவில்லை. நாட்டின் தூய்மைக்காகத் தாமாகவே முன்வந்து இடம்பெயர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தியாகத்தை அரசு மறக்காது."

"பொறந்து கண்ணே சரியா முழிக்கலீங்க. அதுங்களுக்குத் தியாகம்னா என்னன்னு தெரியுமா?" என்று மிளகி கேட்டாள். அமைச்சர் அடுத்த மனுதாரரைக் கூப்பிட்டார்.

ஆனால் மதகருகே காதை வைத்தால் கீழேயிருந்து சின்னச் சின்னச் சலசலப்பு கேட்டது. உயிரோடு இருக்கிறார்கள் என்று மிளகி புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

அடுத்த ஆபத்து மன்னரின் முகத்தில் ஆரம்பித்தது. குழாய் உணவு மூலையில்தான் இருந்தது. ஓட்டையிலிருந்து பீறிட்ட மெல்லிய நீர், அவர் உரையாற்றும்போதெல்லாம் முகத்தில் அடித்தது. அரசவை கூடியது. நாட்டுக்கு ஓட்டை அவமானம் என்று முடிவாயிற்று. ஓட்டையின்மேல் உட்கார்ந்திருக்க ஒரு நிரந்தரப் பதவி உருவாக்கி, சுருளாண்டி என்ற நத்தையை நியமித்தார்கள். அப்பாலார் சொன்னதை மிளகி நினைவூட்டப் பார்த்தாள். அந்நியர் பேச்சைக் கேட்டு ஆடுகிறவள் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

ஒரு நண்பகலில், அப்பாலார் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தபோது, விளக்கு அணைந்தது. மோட்டார் நின்றது. மதகில் வழிவதும் நின்றது. அந்த அமைதியில், குழாய்க்குள் தண்ணீர் கீழ்நோக்கி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மிளகிக்கு முதலில் மேலே இருப்பவர்கள் நினைவு வரவில்லை. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்பதுதான் நினைவுக்கு வந்தது. கீழ்த்தொட்டி சின்னது. நிரம்பினால் விளிம்பு தாண்டும். தாண்டினால் குஞ்சுகள் வெறுந்தரையில் கிடக்கும். அவள் நத்தையிடம் ஓடினாள்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்கண்ணே. காத்து உள்ள போனாப் போதும், நின்னுடும்."

"நான் உக்காரறதுக்குன்னு போட்ட ஆளும்மா," என்றான் சுருளாண்டி. குரலில் கோபம் இல்லை, பாவம். "நகர்றது என் வேலையிலயே கிடையாது. மேலருந்து உத்தரவு வரட்டும்."

உத்தரவுக்காக அவள் அரசவைக்கு ஓடினாள். அங்கே, நீர்மட்டம் இறங்குகிறதா என்ற கேள்வியே இன்னும் முடிவாகவில்லை. உயரமான கூழாங்கல் மேட்டில் வீற்றிருந்த மன்னரின் முதுகுத் துடுப்பு நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூத்த மீன் ஒன்று அதைச் சுட்டிக்காட்டிவிட்டு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. கடைசியில் நெடுஞ்சிறகர் அறிக்கை வாசித்தார்.

"நீர் இறங்கவில்லை. மாமன்னரின் ஆட்சியில் நமது வானம் உயர்ந்திருக்கிறது. வயிற்றெரிச்சல் கொண்ட சிலர் இதைத் திரித்துக் கூறுகிறார்கள்."

கைதட்டல் எழுந்தது. மிளகி திரும்பிப் பார்த்தாள். நத்தை இப்போது தண்ணீருக்கு மேலே, எட்டாத உயரத்தில், ஈரக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. நேரம் ஆக ஆக இன்னும் எட்டாமல் போகும்.

அவள் அடிவரை போய், பலத்தையெல்லாம் கூட்டி எம்பினாள். குழாயில் மோதி விழுந்தாள். மறுபடி எம்பினாள், செதில் பெயர்ந்தது. மூச்சு முட்டியது, கண் இருட்டியது, கீழே வெறுந்தரையில் துள்ளும் குஞ்சுகள் மட்டும் கண்முன் வந்தன. கடைசியாக எம்பியபோது நத்தையின் மெல்லிய கால் அவள் வாயில் அகப்பட்டது. கடித்தாள். சுருளாண்டி ஓட்டுக்குள் சுருண்டு தண்ணீரில் விழுந்தான். ஓட்டை காற்றை உறிஞ்சியது. இறங்கும் சத்தம் நின்றது. மிளகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மின்சாரம் வந்ததும் நாடு நிரம்பியது. மன்னர் தம் பார்வையாலேயே நீரைத் தடுத்து நிறுத்திய நாள் என்று அதை விடுமுறையாக அறிவித்தார்கள். பணியில் இருந்த அதிகாரியைக் கடித்த குற்றத்துக்காக மிளகிக்கு நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. கண்ணாடி துடைக்கும் மீன்கள் அவளை மதகு இடுக்கில் தலைகுப்புறத் திணித்து, வால்பக்கமாகத் தள்ளின. தண்டனை நிறைவேறும்போது குற்றவாளி அழுதுகொண்டே சிரித்ததாகக் குறிப்பு இருக்கிறது.

கீழே இருட்டாக இருந்தது, மேலிருந்து வரும் எல்லா அழுக்கும் அங்கேதான் வந்து விழுந்தது. ஆனாலும் குஞ்சுகள் இருந்தன. அத்தனையும் இருந்தன, வளர்ந்தும் இருந்தன. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். அழுது தீர்த்த பிறகுதான் சுவரைக் கவனித்தாள். அன்று நீர் ஏறிய ஈரக்கறை, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றிருந்தது.

கொஞ்ச நாளில் மேலிருந்து செய்திகள் வழிந்து வந்தன. வரும் தேர்தலில் கீழ்த்தொட்டியினருக்கும் முழு உரிமை வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களும் உணவு மூலைக்கு முதலில் வந்து சேரலாம். சுருளாண்டிக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஒரு நத்தை தவறி விழுந்ததால் நாட்டுக்கு நேர்ந்த ஆபத்தை எண்ணி, ஓட்டையின்மேல் இனி மூன்று நத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்த்தப்படும்.

இதைக் கேட்ட பிறகு மிளகி தூக்கத்திலும் மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். அது கொஞ்சம் விக்கினாலும் விழித்துக்கொள்வாள்.

ஒருநாள் குஞ்சுகளுக்குப் பஞ்சோரம் மேயக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தபோது மோட்டார் நின்றது.

"எல்லாரும் நடுவுல வாங்க," என்றாள் மிளகி. "விளிம்புப் பக்கம் யாரும் போகாதீங்க. என்னை ஒட்டிக்கிட்டே இருங்க."

குழாயில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மேலே நத்தைகள் மூன்றும் அவரவர் பணியில் இருந்தன.