கனம் குறைக்கும் கண்ணாடி

"இனிமே இந்த வீட்டுல ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல்கூடத் துலக்காமல், கூடத்தின் நடுவில் நின்று அவர் முழங்கினார். முழக்கம் மனைவிக்குத்தான். பார்வை மட்டும் அலமாரியின் மேல் இருந்தது. அது திருப்பிப் பேசாது.

மனைவிக்கு மரச்சாமான் கடையில் வேலை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, கடை ஜன்னலுக்குள் கட்டில், சோபா, மேஜையெல்லாம் அழகாகப் போட்டுவைக்க வேண்டும். கடையில் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? துணி அலமாரி இதுவரை நாலு சுவரையும் வலம் வந்துவிட்டது. இடம் சொல்வது அவள், தள்ளுவது அவர். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "அப்படி ஒண்ணும் கனமில்லையே, ஏன் இப்படி முனகுறீங்க?" என்பாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த முறை அவர் கையில் ஆயுதம் இருந்தது. முகத்தில் மாட்டிக்கொள்ளும் மாயக் கண்ணாடிகளைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அதில் ஒன்றை ஆபீசில் கேட்டு வாங்கி வந்திருந்தார். மாட்டினால் இருக்கிற அறையேதான் தெரியும். கூடவே கொஞ்சம் புளுகும் சேர்ந்து தெரியும்.

"மாட்டிக்கோ. இந்த ஸ்டூலைத் தள்ளு."

தள்ளினாள். ஸ்டூல் ஒரு முழம் போனது. கண்ணாடிக்குள் அது நாலு விரல்தான் ஊர்ந்தது.

"ஐயோ! என்னங்க இது, அடியில கல்லைக் கட்டி வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் கட்டல. அதே ஸ்டூல்தான். மெதுவா போற மாதிரி கண்ணுக்குக் காட்டினா, ரொம்ப கனம்னு மூளை கைக்குச் சொல்லிடும். இப்பவாவது தெரியுதா என் கஷ்டம்?"

"தெரியுது. பாவங்க நீங்க."

கல்யாணமான நாளிலிருந்து காதில் விழாத சொல்! அவர் இரண்டு சுற்றுப் பெருத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"லேசாக்கவும் முடியும், தெரியுமா? வேகமா போற மாதிரி காட்டினா எல்லாம் பஞ்சு."

"சும்மா அளக்காதீங்க."

"அளக்கிறேனா? நானா?" கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அதை ஆட்டிவைக்கும் செல்போனில் அளவைப் பழையபடி ஆக்கி அவளிடம் நீட்டினார். "இந்தக் கோட்டுல புள்ளி நடுவுல இருக்கு பார். அப்படின்னா உள்ளது உள்ளபடி. அதை வலது பக்கம் இழு, லேசாயிடும். ஆச்சா?"

"ம்... தள்ளுங்க."

நாற்காலி பறந்தது. "பார்த்தியா? பூ!"

"நாற்காலிதானே. அலமாரின்னா நடக்காது."

"ஏன் நடக்காது? விஞ்ஞானத்துக்கு நாற்காலியும் ஒண்ணு, அலமாரியும் ஒண்ணு!" தோளைக் கொடுத்தார். அலமாரி கிறீச்சிட்டபடி கிளம்பியது. "பஞ்சு! வெறும் பஞ்சு!"

"ஜன்னல் பக்கம் போனா கனம் கூடிடுமோ?"

"எந்தப் பக்கம் போனாலும் கூடாது!" ஜன்னல் பக்கம் போனது.

"சோபா வேண்டாங்க. உங்களால ஆகாது."

"யாரால ஆகாது?" சோபாவும் போனது. பின்னாலேயே கட்டிலும் போனது. எல்லாக் கனத்தையும் குறைத்த கண்ணாடியால் தலைக்கனத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூச்சு வாங்கக் கண்ணாடியைக் கழற்றினார். வீடு கடை ஜன்னலாக ஜொலித்தது. இடுப்பு நிமிர மறுத்தது. குரல் மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"நான் எதையும் நகர்த்தல, தெரிஞ்சுக்கோ! நகர்த்தினது விஞ்ஞானம். நாளைக்கு இந்தக் கண்ணாடி ஆபீசுக்குப் போயிடும். அதுக்கப்புறம் இந்தக் கை எதையும் தொடாது!"

வீறாப்போடு செல்போனைப் பிடுங்கினார். புள்ளி நடுவில் இருந்தது.

"இதை எப்ப திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தே?"

"நான் எங்க தொட்டேன்? நீங்கதான் நல்லாத் தள்ளிட்டிருந்தீங்களே, எதுக்கு நடுவுல புகுந்து கெடுக்கணும்னு விட்டுட்டேன்."