கடலோரத்தில் போட்ட வெற்றிலை

உயிரே போனாலும் சகலை வீட்டுச் சடங்குக்குப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார் கன்னையா. கொடகவெல பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மனுஷனை, நாலு பேர் முன்னால் அந்த எம்பிலிப்பிட்டிய விஜேந்திரன், "அண்ணே, தலைச்சாயம் காதுல வழியுது" என்று சொல்லலாமா?

வயசுக்கு வந்த மகளின் சடங்குக்கு அழைக்க விஜேந்திரன் வெற்றிலைத் தட்டோடு மூன்று முறை வந்தான். அழைப்பு வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் போயே ஆகணும், அது நம்ம வழக்கம். மூன்று முறையும் கன்னையா அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

சடங்கு நாளில் பெண்டாட்டி அழுவாளே? அதற்கும் வழி வைத்திருந்தார்.

"லட்சுமி, வேன் பேசியாச்சு. தெனியாய வழியா மாத்தறை. வழியெல்லாம் அருவி. அப்புறம் கடல்!"

"இன்னைக்கேவாங்க?"

"இன்னைக்கேதான்."

"சரிங்க" என்றாள் அன்னலட்சுமி. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கன்னையாவுக்கு அப்போதே உறைத்திருக்கணும். எங்கே!

ரக்வானை தாண்டி முதல் அருவி. சாரலில் நனைந்து சிரித்தவளைப் பார்த்து மனுஷனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இருபது வருஷத்தில் இவளை எங்கே கூட்டிப்போனோம் என்று வெட்கமாகவும் இருந்தது. இன்னும் இரண்டு அருவியில் வேனை நிறுத்தச் சொன்னார். மாத்தறையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அலையோடு ஓடினாள்.

"இப்படியே கடலோரமா தங்காலைப் பக்கம் போவோமாங்க?"

"நீ சொன்னா சரி!"

தங்காலைக் கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். வயிறு நிறைந்ததும் கை தானாக நீண்டது.

"வெத்தில இருக்கா?"

மடித்துக் கொடுத்தாள். மென்றார். கடலைப் பார்த்து ஒரு துப்பு.

"நல்லாருக்கே. ஏது?"

"விஜேந்திரன் தம்பி வச்சிட்டுப் போன தட்டுல உள்ளதுங்க. ஈரத்துணில சுத்தி வச்சிருந்தேன். ஒங்க கைலதான் குடுக்கணும்னு சொன்னாரு. குடுத்துட்டேன்."

அடிப்பாவி! துப்பியதைத் திரும்ப எடுக்கவா முடியும்? அரை மணியில் வேன் நோனாகம சந்தியில் எம்பிலிப்பிட்டிய ரோட்டுக்குத் திரும்பியது.

"டேய், எங்க போற?"

"நோனா காலைலயே சொன்னாங்க முதலாளி" என்றான் சிங்கள டிரைவர், அன்னலட்சுமியைக் காட்டி.

கன்னையா மீசையைத் தடவினார். "சரி, வர்றேன். ஆனா அஞ்சே நிமிஷம். அவன்கூடப் பேச மாட்டேன்."

"அது எப்படிங்க? ராத்திரிப் பந்தில பரிமாற சோத்துவாளி ஒங்க கைல, சாம்பார்வாளி தம்பி கைல. ரெண்டு பேரும் ஒரே வரிசை."